கதிரையிலிருந்து எழும்பும்போது வயதானவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள்?

வீட்டில் அப்பாவோ அம்மம்மாவோ கதிரையை விட்டு எழும்பும்போது தள்ளாடினால் நம்மவர்கள் உடனே சொல்லும் காரணங்கள் இரண்டு. ஒன்று, "வயது போனால் அப்படித்தான், காலில் பலமில்லை." மற்றது, "பிரஷர் இறங்கிவிட்டது." முதலாவதைச் சொல்பவர் ஒரு பொல்லு வாங்கிக் கொடுத்துவிட்டு அத்தோடு விட்டுவிடுவார். இரண்டாவதைச் சொல்பவர் பிரஷர் குளிசையை இரண்டு நாளைக்கு நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்பார். அப்புறம் கிளினிக்குக்குப் போனால், டொக்டர் படுக்க வைத்து ஒரு தரமும் நிற்க வைத்து ஒரு தரமும் பிரஷர் பார்க்கிறார், பிசியோதெரப்பி செய்பவர் கையை நெஞ்சில் கட்டிக்கொள்ளச் சொல்லி 30 செக்கனுக்குள் எத்தனை தரம் எழும்பி இருக்க முடிகிறது என்று எண்ணுகிறார். விழுந்தது ஒரு தரம், அதற்கு ஏன் இவ்வளவு சோதனை என்று குழம்பிப்போய் வருகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர்.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதிரை எப்படிப்பட்டது, கால் எங்கே வைக்கப்படுகிறது, என்னென்ன குளிசை போகிறது, இந்த மூன்றையும் பார்க்காமல் வயதைக் குற்றம் சொல்லக்கூடாது. விழுந்துவிடுவார் என்று பயந்து "நீங்கள் இருங்கோ, நான் எடுத்து வாறேன்" என்று நாள் முழுக்க இருத்தி வைப்பதுதான், அன்பினால் செய்தாலும், நாம் செய்கிற பெரிய கெடுதல்.

விஷயம் சின்னதில்லை. விழுவதனால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்படி இறப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 12.4 சதவீதம், அதற்குப் பிறகு அந்தப் பங்கு கூடிக்கொண்டே வருகிறது.

எழும்புவது என்றால் உடலில் என்ன நடக்கிறது

இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

புவியீர்ப்பு மையம்: உடலின் முழுப் பாரமும் ஒரு புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளி. நிற்கும்போது அது கிட்டத்தட்டத் தொப்புளுக்குக் கீழே, உடம்புக்குள் இருக்கும்.

தாங்கு பரப்பு: உடம்பைத் தாங்கும் இடங்களைச் சுற்றிக் கோடு போட்டால் வரும் பரப்பு. இருக்கும்போது கதிரையின் நான்கு காலும் நம் இரண்டு பாதமும் சேர்ந்த பெரிய பரப்பு அது. எழும்பி நின்றால் பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட இடமும் மட்டும்தான்.

புவியீர்ப்பு மையம் தாங்கு பரப்புக்கு மேலே இருக்கும் வரை விழமாட்டோம். எழும்புவது என்பது பெரிய பரப்பிலிருந்து மிகச் சின்னப் பரப்புக்கு, அதுவும் முன்பக்கமாக, அந்த மையத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்து, அதே நேரத்தில் மேலேயும் தூக்குகிற வேலை. சுகமாக இருக்கும் ஒருவருக்கு இதற்கு ஏறத்தாழ 2 செக்கன் போதும். உடலியக்கத்தைப் படிப்பவர்கள் அதை நான்கு கட்டமாகப் பிரிக்கிறார்கள்.

1. முன்னால் குனிதல். நாரியிலிருந்து மேல் உடம்பு முன்னே சாய்கிறது. இந்தச் சாய்வில்தான் வேகம் சேர்கிறது.

2. ஆசனத்தை விட்டுக் கிளம்புதல். பின்பக்கம் கதிரையை விட்டு எழும் கணம். சேர்த்த வேகம் இப்போது மேல்நோக்கித் திரும்ப வேண்டும். தொடையின் முன்பக்கத் தசைக்கு மிகக் கூடுதலான வேலை இந்தக் கணத்தில்தான். தாங்கு பரப்பு சட்டென்று சுருங்குவதும் இதே கணத்தில்தான்.

3. நிமிர்தல். முழங்காலும் இடுப்பும் நீண்டு உடம்பு நேராகிறது.

4. நிலைப்படுதல். முன்னே போன வேகத்தை நிறுத்தி, பாதத்துக்கு மேலே உடம்பைப் பிடித்து வைப்பது.

நாலாவது கட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. எழும்பியாயிற்று, வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். காலி வீதியில் பஸ் சட்டென்று பிரேக் போடும்போது நிற்கிறவர்கள் முன்னால் போய் விழப் பார்ப்பார்களே, கதிரையிலிருந்து வேகமாக எழும்புகிறவரின் உடம்பும் அப்படித்தான் இருக்கிறது. அந்த வேகத்தைக் கணுக்காலும் பாதமும் பிடித்து நிறுத்த வேண்டும். அது நிற்குமுன் முதல் அடியை எடுத்து வைத்தால் தடுமாற்றம்.

வயது போகப் போக என்ன மாறுகிறது

தசை மெலிவது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமானது, தசையின் வேகம் குறைவது. தசையில் மெதுவாக இயங்கும் நார்களும் வேகமாக இயங்கும் நார்களும் உண்டு, வயதோடு அதிகம் சுருங்குபவை வேகமானவை. அதனால்தான் மெதுவாக நடக்கக்கூடிய, மாடிப்படி கூட ஏறக்கூடிய ஒருவர் கதிரையிலிருந்து எழும்பத் திணறுகிறார். எழும்புவதற்குப் பலம் மட்டும் போதாது, அந்தப் பலம் அரைச் செக்கனுக்குள் வந்து சேர வேண்டும்.

வேகம் குறைந்ததும் உடம்பு தானாகவே எழும்பும் முறையை மாற்றிக்கொள்கிறது. இளவயதினர் சாய்ந்த வேகத்திலேயே எழும்பிவிடுவார்கள். வயதானவர் முதலில் ஆசனத்தின் முன் விளிம்புக்கு நகர்ந்து, நன்றாக முன்னே குனிந்து, புவியீர்ப்பு மையத்தைப் பாதத்துக்கு மேலே கொண்டுவந்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மேலே தூக்குவார். பார்க்கிறவருக்கு இது கூனிக் குறுகி எழும்புவது போலத் தெரியும். "நேரா எழும்புங்கோ அம்மா" என்று சொல்கிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும், அந்தக் குனிவுதான் அவரைக் காப்பாற்றுகிறது. நேராக எழும்பச் சொன்னால் புவியீர்ப்பு மையம் பாதத்துக்குப் பின்னாலேயே நின்றுவிடும், பின்பக்கமாகக் கதிரையில் போய் விழுவார்.

மற்றவை சுருக்கமாக: கணுக்கால் இறுகினால் காலைப் பின்னால் இழுத்து வைக்க முடியாது. முழங்கால் தேய்வு உள்ளவர்கள் வலிக்குப் பயந்து ஒரு காலிலேயே பாரத்தைப் போட்டு எழும்புவார்கள். சீனி வருத்தம் நீண்ட காலம் இருந்தால் உள்ளங்கால் மரத்து, தரை எங்கே அழுத்துகிறது என்ற செய்தி மூளைக்கு ஒழுங்காகப் போகாது. கண்ணில் புரை இருந்தாலோ அறை இருட்டாக இருந்தாலோ, மரத்த காலுக்குக் கண் கொடுக்கும் உதவியும் போய்விடும்.

இரத்த அழுத்தத்தின் பங்கு

எழும்பி நிற்கும்போது ஏறத்தாழ அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை இரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது, அழுத்தம் தாழ்கிறது. கழுத்து நாடியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாடியிலும் இருக்கும் உணரிகள் இதைக் கண்டு, நரம்பு வழியாக இதயத்தை வேகமாக அடிக்கச் சொல்லி, இரத்தக் குழாய்களையும் சுருக்கச் சொல்கின்றன. சில செக்கன்களில் எல்லாம் சரியாகிவிடும். இந்த ஏற்பாடு மந்தமாகும்போதுதான் கண் இருட்டுவதும் தலை கிறுகிறுப்பதும்.

எழும்பி 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20, அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் அதை நிலைமாற்ற இரத்த அழுத்தக் குறைவு என்கிறார்கள். படுக்க வைத்து 5 நிமிடம் கழித்து ஒரு தரம், எழும்பி நின்ற 1ஆம் நிமிடத்தில் ஒரு தரம், 3ஆம் நிமிடத்தில் இன்னொரு தரம் என்று டொக்டர் அளப்பது இதற்காகத்தான். இருந்தபடி மட்டும் அளந்து "பிரஷர் நோர்மல்" என்று சொன்னால் இது பிடிபடாது. இன்னொரு வகையும் உண்டு. எழும்பிய முதல் 15 செக்கனுக்குள் அழுத்தம் 40க்கும் மேலாகச் சரிந்து, உடனே திரும்ப ஏறிவிடும். கைப்பட்டியைக் கட்டிக் காற்றடித்து முடிப்பதற்குள் அது போய்விடுவதால் சாதாரண அளவையில் ஒன்றும் தெரியாது. "எழும்பினவுடனே தலை சுத்துது, பிறகு சரியாகிடுது" என்று ஒருவர் சொன்னால், அளவை சரியாக இருக்கிறது என்பதற்காக அவர் சொல்வதைத் தள்ளிவிடக்கூடாது.

எதனால் வருகிறது?

1. குளிசைகள். புரஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டம்சுலோசின், பிரஷருக்குக் கொடுக்கும் பிரசோசின், சலத்தைக் கூட்டி நீரை இறக்கும் ஃபுரோசமைட், ஹைட்ரோகுளோரோதயசைட், நரம்பு வலிக்கும் நித்திரைக்கும் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின், பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. ஒரு கிளினிக்கில் பிரஷருக்கு, இன்னொன்றில் புரஸ்டேட்டுக்கு, வீட்டுக்குப் பக்கத்து டொக்டரிடம் நித்திரைக்கு என்று தனித்தனியாக வாங்கும்போது இவை ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். எல்லாக் கிளினிக் கொப்பிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டுபோய் ஒரே டொக்டரிடம் காட்டுவது எவ்வளவோ பிரயோசனம்.

2. நீர் போதாமை. கொழும்பின் புழுக்கத்தில் வியர்த்தே நிறையப் போகிறது. இரவில் பாத்ரூமுக்கு எழும்ப வேண்டுமே என்று பின்னேரம் ஆனதும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கந்தசஷ்டி விரத நாட்களிலும் ரமழான் நோன்பிலும், வழக்கமான அளவில் சலம் போகும் குளிசையையும் எடுத்தால் அழுத்தம் நன்றாகவே இறங்கலாம். விரதத்துக்கு முன் குளிசையின் நேரத்தையும் அளவையும் டொக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும்.

3. சாப்பாடு. வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால் இரத்தம் குடலுக்குத் திரும்புகிறது, வயதானவர்களில் சிலருக்குச் சாப்பிட்ட இரண்டு மணித்தியாலத்துக்குள் அழுத்தம் தாழும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கதிரையிலேயே கண்ணயர்ந்து, கதவு மணி அடித்ததும் துடித்து எழும்பும் நேரம் ஆபத்தானது.

4. நீடித்த சீனி வருத்தத்தால் தன்னியக்க நரம்புகள் (நாம் நினைக்காமலே இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் இயக்குபவை) பழுதாவது, பார்க்கின்சன் நோய், பல நாள் படுக்கை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரஷர் குளிசையைத் தாங்களாக நிறுத்துவது தீர்வில்லை. கட்டுப்பாட்டில் இல்லாத உயர் இரத்த அழுத்தமும் நிலை மாறும்போது வரும் சரிவைக் கூட்டும் என்பதால், நிறுத்தியவருக்குப் பக்கவாத ஆபத்தோடு தலைச்சுற்றும் கூடவே வரலாம்.

வீட்டில் செய்யக்கூடியது இது. படுக்கையிலிருந்து என்றால் கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் இருக்க வேண்டும். கதிரையிலிருந்து என்றால் எழும்புமுன் பாதத்தைக் குதியிலும் விரலிலும் மாறி மாறிப் பத்துப் பதினைந்து தரம் ஊன்றி, கையைப் பொத்திப் பொத்தி விரிக்க வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது காலில் தேங்கிய இரத்தத்தை மேலே தள்ளும். எழும்பிய பிறகு கதிரையைப் பிடித்தபடியே பத்து எண்ணிவிட்டு நடக்கத் தொடங்கலாம்.

கதிரைதான் முதலில் மாற வேண்டியது

எழும்புவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதை வயதைவிடக் கதிரை அதிகம் தீர்மானிக்கிறது என்றே சொல்வேன். இது பற்றி வெளியான ஆய்வுகளை 2002இல் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது: ஆசனத்தை உயர்த்தினால் முழங்காலில் விழும் சுமை 60 சதவீதம் வரையும் இடுப்பில் விழும் சுமை 50 சதவீதம் வரையும் குறையலாம். கைப்பிடியை ஊன்றி எழும்பினால் இடுப்புச் சுமை பாதியளவு வரை குறையும். எந்தக் குளிசையும் ஒரே நாளில் இவ்வளவு உதவி செய்யாது.

இனி நம் வீடுகளில் இருப்பவற்றைப் பார்ப்போம்.

சாய்மனைக் கதிரை. பழைய வீடுகளின் விறாந்தையிலிருந்து வெள்ளவத்தை ஃபிளாட்டின் பல்கனிக்கு வந்துவிட்ட, தாத்தாவுக்கென்றே வைத்திருக்கும் கதிரை. இருக்கச் சுகம், எழும்பத்தான் பெரும் பாடு. கன்வஸ் அல்லது பிரம்பு பள்ளமாகத் தொய்ந்திருப்பதால் முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் இருக்கும், உடம்பு பின்னால் சாய்ந்திருக்கும். புவியீர்ப்பு மையம் பாதத்திலிருந்து வெகு தூரம் பின்னால். அதை முன்னே கொண்டுவர ஒரு முழுக் குனிவு வேண்டும், தொய்ந்த துணிக்குள் அந்தக் குனிவுக்கு இடமே கிடைக்காது. இதைவிட மோசமானது முன்பக்கத்துக் குறுக்குச் சட்டம். கெண்டைக்கால் அதில் முட்டுவதால் பாதத்தைப் பின்னால் இழுக்க முடியாது. பாதம் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் உள்ளே, இருந்தால்தான் எழும்புவது எளிது. பாதம் முன்னே இருந்தால் உடம்பு அவ்வளவு தூரம் கூடுதலாக முன்னே போக வேண்டும்.

சோபா. மெத்தை ஆழமானது, மென்மையானது, அதனால் கையை ஊன்றினால் கை புதைகிறது. புதிய சோபாக்கள் பலவற்றில் முன்பக்கம் தரை வரை மூடியிருக்கிறது, சாய்மனைக் கதிரையின் சட்டம் செய்யும் அதே வேலையை இது செய்யும். குதி சோபாவில் முட்டி அங்கேயே நின்றுவிடும்.

பிளாஸ்டிக் கதிரை. உயரம் பெரும்பாலும் பரவாயில்லை, கைப்பிடியும் உண்டு, கீழே இடம் இருப்பதால் காலையும் உள்ளே இழுக்கலாம். குறை என்னவென்றால் பாரம் போதாது. மினுக்கிய டைல்ஸ் தரையில் கையை ஊன்றித் தள்ளும்போது கதிரை பின்னால் வழுக்கும், ஒரு கையை மட்டும் ஊன்றினால் ஒரு பக்கம் நெளியும். சுவரில் முட்டும்படி வைத்தால் வழுக்குவது நின்றுவிடும். பழசாகி வெளிறிய கதிரையின் கால் வெடிக்கும், அதை வயதானவருக்குக் கொடுக்கவே கூடாது.

ஆகவே நல்ல கதிரை எது என்றால், இருக்கும்போது முழங்காலைவிட இடுப்பு சற்று உயரத்தில் நிற்க வேண்டும், ஆசனம் உறுதியாக இருக்க வேண்டும், கைப்பிடி ஆசனத்தின் முன் விளிம்பு வரை நீள வேண்டும், கீழே காலை இழுக்க இடம் இருக்க வேண்டும், பாரமான மரமாக இருந்தால் இன்னும் நல்லது. பழைய சாப்பாட்டு மேசைக் கதிரைகளில் கைப்பிடி உள்ளது ஒன்று இருந்தால் அதுவே போதும், கட்டியான குஷன் போட்டு உயரத்தைச் சரிசெய்யலாம். கொமோட்டுக்கும் இதே கணக்குத்தான். அது பெரும்பாலும் கதிரையை விடப் பதிவானது, பக்கத்தில் ஈரத் தரை, இரவு நேரம், அவசரம். சுவரில் உறுதியாகப் பூட்டிய கைப்பிடி அங்கே கட்டாயம். துவாய் போடும் கம்பியைப் பிடித்து எழும்பினால் கம்பி ஒரு நாள் சுவரோடு கழன்று வரும்.

உடுப்பும் செருப்பும் இதிலே சேர்த்திதான். சாரத்தின் முன் மடிப்பு குதியின் கீழ் அகப்பட்டால் எழும்பும் வேகத்திலேயே ஆளை இழுத்துவிடும். தேய்ந்த றப்பர் செருப்பு, காலைப் பின்னால் இழுக்கும்போது கழன்று அங்கேயே கிடக்கும். பின்னால் பட்டி உள்ள செருப்பு வாங்குவது பெரிய செலவில்லை.

கையைப் பிடித்து இழுப்பது உதவியா?

இல்லை. முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்து இழுத்தால், இழுபடுகிறவர் பயத்தில் பின்னால் சாய்வார். முன்னே குனிய வேண்டிய நேரத்தில் பின்னே சாய்கிறார். இழுப்பவர் கையை விட்டால் அவர் மல்லாக்க விழுவார், விடாவிட்டால் தோள்மூட்டு போகும். கமக்கட்டில் கை கொடுத்துத் தூக்குவதும் தோளுக்குக் கெடுதல்தான்.

வோக்கரைப் பிடித்து எழும்புவதும் இப்படித்தான். வோக்கர் நின்ற பிறகு பிடிக்க வேண்டியது. இருந்தபடி அதைப் பிடித்து இழுத்தால், பாரமற்ற அந்தச் சட்டம் ஆளை நோக்கிச் சரியும்.

உதவுகிறவர் பக்கத்தில் நிற்க வேண்டும், முன்னால் இல்லை. முன்னே போக வழி வேண்டுமே. பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லலாம்:

1. "முன்னுக்கு அரக்கி வாங்கோ."
2. "காலை உள்ளுக்கு இழுங்கோ." இரண்டு பாதமும் இடுப்பகலத்துக்கு விலகி, முழுதாகத் தரையில் படிந்திருக்க வேண்டும்.
3. "கையைக் கதிரையிலே ஊன்றுங்கோ."
4. "குனியுங்கோ, இன்னும் கொஞ்சம்." நெற்றி முழங்காலைத் தாண்டி வரும் வரை.
5. "இப்ப தள்ளி எழும்புங்கோ." தேவைப்பட்டால் நாரிக்குப் பின்னால் கையை வைத்து முன்னும் மேலுமாக மெல்லத் தள்ளலாம்.
6. "நில்லுங்கோ." இங்கேதான் நாம் அவசரப்படுகிறோம். பத்து எண்ணும் வரை நிற்கட்டும்.

திரும்பும்போதும், திரும்ப இருக்கும்போதும்

கனடாவின் வன்கூவர்ப் பகுதியில் முதியோர் பராமரிப்பு இல்லங்களின் பொது அறைகளில் கெமரா பூட்டி, உண்மையாகவே நடந்த 227 விழுகைகளைப் பார்த்து 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விழுந்தவர் நினைவிலிருந்து சொல்வதை வைத்துச் செய்யாமல், நடந்ததைக் கண்ணால் கண்டு செய்ததால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். தடுக்கி விழுந்தது 21 சதவீதம்தான். 41 சதவீதத்துக்குக் காரணம், உடம்பின் பாரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும்போது ஏற்பட்ட பிசகு. 12 சதவீதம் கதிரையில் இருக்கப் போகும்போது நடந்தவை. இருப்பதும் எழும்புவதைப் போலவே கடினம், இருக்கப் போகிறவருக்குக் கதிரை கண்ணுக்கும் தெரியாது. இரண்டு கெண்டைக்காலின் பின்பக்கமும் கதிரையில் படுவதை உணர்ந்த பிறகு, கையைப் பின்னே கொண்டுபோய்ப் பிடித்து, குனிந்தபடியே இறங்க வேண்டும். "தொப்" என்று விழுந்து இருப்பது தொடைத் தசை களைத்துவிட்டது என்பதற்கு நல்ல அடையாளம்.

பென்ஷன் எடுக்கும் நாளில் வங்கியில் பார்த்தால் இது எல்லாம் ஒன்றாகத் தெரியும். வயதானவர் ஒருவர் ஏசிக் குளிரில் முக்கால் மணித்தியாலம் டோக்கனைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பார். காலில் இரத்தம் தேங்கியிருக்கும். நம்பர் கூப்பிடுவார்கள். போய்விடுமோ என்ற பதற்றத்தில், ஒரு கையில் பையும் மறு கையில் புத்தகமுமாக, கதிரையை ஊன்றக் கை இல்லாமல், எழும்பும்போதே கவுண்டர் பக்கம் திரும்பி, முதல் அடியையும் வைத்துவிடுவார். எழும்புதல், திரும்புதல், நடத்தல் என்று மூன்று வேலை, கூடவே நம்பரைத் தவறவிடக்கூடாது என்ற கவனம். வயதான மூளைக்கு இவ்வளவையும் ஒரே நேரத்தில் செய்வது கஷ்டம். பையைக் குறுக்கே தோளில் மாட்டிக் கையை விடுவித்துக்கொள்வது, நம்பர் நெருங்கும்போதே காலை அசைக்கத் தொடங்குவது, இவை போதும். கூப்பிடுகிறவர்களும் அரை நிமிடம் பொறுக்கலாம்.

அளந்து பார்ப்பது

கிளினிக்கில் செய்யும் சோதனைகளில் இரண்டைச் சொல்கிறேன். ஆசனம் ஏறத்தாழ 43 சென்ரிமீற்றர் உயரமுள்ள, கைப்பிடியற்ற கதிரையைச் சுவரில் முட்ட வைத்து, கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு செய்ய வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்காமல் செய்யவே கூடாது.

முதலாவது, 30 செக்கனில் எத்தனை தரம் முழுதாக எழும்புகிறார் என்பது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி 65 முதல் 69 வயதில் ஆண் 12க்கும் பெண் 11க்கும் குறைந்தால், 70 முதல் 74 வயதில் ஆண் 12க்கும் பெண் 10க்கும் குறைந்தால், 80 முதல் 84 வயதில் ஆண் 10க்கும் பெண் 9க்கும் குறைந்தால், விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். கையை ஊன்றித்தான் எழும்ப முடியும் என்றால் எண்ணிக்கை பூச்சியம்.

இரண்டாவது, ஐந்து தரம் எழும்பி இருக்க எவ்வளவு நேரம் என்பது. தசை இழப்பை ஆராயும் ஆசியக் குழு 2019இல் வைத்த எல்லை 12 செக்கன், அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும்.

எண்ணிக்கை குறைந்தால் பயப்படுவதற்கில்லை. இரண்டு மாதம் பயிற்சி செய்துவிட்டுத் திரும்ப அளந்து பார்க்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

எழும்பிப் பழகினால்தான் எழும்பலாம்

சுகமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் மட்டும் கட்டிலில் இருக்கச் செய்து பார்த்த ஓர் ஆய்வில், காலிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிருந்தது. அவர்கள் நோயாளிகள் இல்லை, சும்மா படுத்திருந்தவர்கள். காய்ச்சல் வந்து ஒரு கிழமை படுத்து எழும்பிய அம்மா ஏன் முன்னைப் போல எழும்பவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மறுபக்கம் நல்ல செய்தி. 108 ஆய்வுகளில் 23,000க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்து 2019இல் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பில், உடற்பயிற்சி விழுகைகளை 23 சதவீதம் குறைத்திருந்தது. அதில் நன்றாகப் பலன் கொடுத்தவை சமநிலைப் பயிற்சியும், எழும்பி இருத்தல் போன்ற அன்றாட அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியும்தான். இதற்குக் கருவியும் வேண்டாம், ஜிம்மும் வேண்டாம், பெரிய ஃபிளாட்டும் வேண்டாம். உறுதியான உயரக் கதிரையில், தேவையானால் குஷனும் போட்டு, ஐந்து தரம் எழும்பி இருக்கலாம், காலையும் பின்னேரமும். இருக்கும்போது மெதுவாக, மூன்று எண்ணி இறங்க வேண்டும். எழும்பும்போது முடிந்தளவு சுறுசுறுப்பாக எழும்ப வேண்டும், குறைந்துபோன வேகம் அப்படித்தான் திரும்ப வரும். எளிதானதும் எண்ணிக்கையைக் கூட்டி, பிறகு குஷனை எடுத்து, பிறகு கையை விட்டு. நெஞ்சு நோ, மூச்சு வாங்கல், அண்மையில் சத்திரசிகிச்சை உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

காலையும் இரவும் பாணும் தேத்தண்ணியும் என்று இருந்தால் தசை வளராது என்பதையும் சொல்ல வேண்டும். முட்டை, மீன், பருப்பு, கடலை, பால் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரத அளவை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

எந்தக் கணத்தில் விழுந்தார்?

டொக்டரிடம் "விழுந்துபோனார்" என்று மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான். எந்தக் கணத்தில் என்று சொன்னால் காரணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்கு உடனே தெரியும். கிளினிக் கொப்பியின் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

1. ஆசனத்தை விட்டுக் கிளம்பி, அப்படியே பின்னால் போய் இருந்துவிட்டார்: தொடைப் பலம், பதிந்த கதிரை, பாதம் முன்னே இருந்தது. திரும்பத் திரும்பப் பின்பக்கமே சாய்கிறார், நடையும் சிறு சிறு அடியாகிவிட்டது என்றால் பார்க்கின்சன் நோயையும் பார்க்க வேண்டும்.

2. எழும்பியவுடன் கண் இருட்டியது: முதல் 15 செக்கனில் வரும் அழுத்தச் சரிவு.

3. எழும்பிக் குசினி வரை போய், அங்கே நிற்கும்போது கால் தளர்ந்தது: மெதுவாக இறங்கும் அழுத்தம். என்ன குளிசை, எத்தனை மணிக்கு, எப்போது சாப்பிட்டார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

4. திரும்பும்போது அல்லது முதல் அடியில்: சமநிலை, மரத்த பாதம், கண்.

5. கட்டிலில் புரளும்போதும் தலையை நிமிர்த்தும்போதும் அறையே சுற்றுகிறது: உட்காதில் உள்ள நுண்ணிய கற்கள் இடம்மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பிச் செய்யும் சிகிச்சையாலேயே இது பெரும்பாலும் சரியாகும்.

6. இருந்தபடியே, எந்த அறிகுறியும் இல்லாமல் நினைவு தப்பினார்: இதயத் துடிப்பில் கோளாறு இருக்கக்கூடும். அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது.

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்தவும் வேண்டாம். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், அல்லது இடுப்பில் கடும் வலி என்றால், அசைக்காமல் 1990க்கு எடுத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள், அது இலவசம். வோர்ஃபரின், குளொபிடோக்ரல் போன்ற, இரத்தம் உறையாமல் இருப்பதற்கான குளிசை எடுப்பவர் தலை அடிபட விழுந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், என்ன குளிசை எடுக்கிறார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.